தூரம் ஒண்ணுதான், நேரம் ரெண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பயணப் பக்கத்துல ரெண்டு ஊர் பேரைப் போட்டு நடுவுல நேரா ஒரு கோடு இழுத்து, விமான தூரம் இத்தனை கிலோமீட்டர், பயண நேரம் இத்தனை மணின்னு ஒரு பெட்டி வருதுல்ல, அதைப் பத்திதான் எழுதுறேன். சும்மா இருக்காம தூரத்தை நேரத்தால வகுத்துப் பாத்தேன், எந்த ஊரா இருந்தாலும் மணிக்கு 900 கிலோமீட்டர்னே வருது. யாரோ கால்குலேட்டர்ல தட்டிப் போட்டிருக்காங்க.

இதை நம்பித்தான் நான் அக்காவைக் கூட்டிட்டு வர ஏர்போர்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நின்னேன், அது வேற கதை.

லண்டன் - நியூயார்க்கை எடுத்துக்கங்க. சுமார் 5,550 கிலோமீட்டர், உங்க கணக்குப்படி 6 மணி 10 நிமிஷம். ஆனா நியூயார்க் போற பக்கம் டைம் டேபிள்ல 8 மணி நேரம் கிட்ட இருக்கும், லண்டன் திரும்பும்போது 7 மணி நேரம்தான். மேல 10 கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு மேற்குலேர்ந்து கிழக்க ஒரு காத்து ஆறு மாதிரி ஓடுது, அதுக்கு எதிர்ல போனா இழுக்கும், கூடப் போனா தள்ளி விடும். சீட்டுக்கு முன்னாடி இருக்கிற ஸ்கிரீன்ல கிரவுண்ட் ஸ்பீடுன்னு, அதாவது தரையை வச்சுப் பாத்தா மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம்னு காட்டுமே, போகும்போது 750ல நிக்கிறது வரும்போது 1,050ன்னு காட்டும், பிளேன் என்னவோ அதே பிளேன்தான். 2020 பிப்ரவரியில ஒரு புயல் சமயத்துல நியூயார்க்லேர்ந்து கிளம்பின சாதாரண ஜம்போ ஜெட் ஒண்ணு 4 மணி 56 நிமிஷத்துல லண்டன்ல இறங்கிடுச்சு.

இன்னொண்ணு, டில்லி - சான் பிரான்சிஸ்கோ. 2016ல ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியை விட்டுட்டு பசிபிக் பக்கமா சுத்திப் போச்சு. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கூடுதல், ஆனாலும் காத்து பின்னாடி இருந்ததால முன்னைவிட சீக்கிரமே போய்ச் சேர்ந்துச்சு. இதை உங்க பெட்டியில எப்படிப் போடுவீங்க? ஹெல்சிங்கி - டோக்கியோ கதை இதுக்குத் தலைகீழ். 2022ல ரஷ்ய வான்வெளி மூடினதும் ஒன்பதரை மணி நேரப் பயணம் 13 மணி நேரம் ஆயிடுச்சு, ரெண்டு ஊரும் இருந்த இடத்துலதான் இருக்கு.

அப்புறம் டிக்கெட்ல போடுறது கேட்டை விட்டு நகர்றதுலேர்ந்து அந்தப் பக்கம் கேட்டுல போய் நிக்கிற வரைக்கும். ரன்வேல வரிசையில நிக்கிறது, இறங்க இடம் கிடைக்காம மேலயே வட்டமடிக்கிறது எல்லாம் இதுல சேர்த்தி. மணி வேற அந்தந்த ஊர் மணி. லண்டன்ல மதியம் 1க்கு கிளம்பி நியூயார்க்ல 4க்கு இறங்கும்னு பாத்துட்டு மூணே மணி நேரமான்னு எங்க அத்தை பையன் கேட்டான், நடுவுல 5 மணி நேர வித்தியாசம் இருக்கிறதை யாரும் அவனுக்குச் சொல்லல.

அதனால போக ஒரு நேரம், வர ஒரு நேரம்னு டைம் டேபிளைப் பாத்து ரெண்டாப் போடுங்க, பக்கத்துல ரெண்டு ஊருக்கும் எத்தனை மணி வித்தியாசம்னும் போட்டுடுங்க. இடம் பத்தலைன்னா அந்த நேர்கோட்டைத் தூக்கிடுங்க, உருண்டையான பூமியில எந்த பைலட்டும் உங்க மேப் கோட்டு மேல ஓட்டிட்டுப் போறதில்லை.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர் ஒருத்தர்