பசுமைக்குடிலை நடத்த ஆள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வரும் காலத்தில் எல்லா நாளிதழ்களும் ‘என்ன படிக்கலாம்’ பக்கம் போடுகின்றன. தோட்டக்கலைப் பட்டம் என்றால் அதில் வரும் வரிகள் வருஷா வருஷம் மாறுவதில்லை: டிஎன்பிஎஸ்சி எழுதித் தோட்டக்கலை அலுவலர் ஆகலாம், வங்கியில் வேளாண் கள அலுவலர் ஆகலாம், விதைக் கம்பெனிக்குப் போகலாம், மேலே படித்து ஆராய்ச்சிக்கு வரலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடிலை அன்றாடம் நடத்தும் வேலையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நெதர்லாந்தில் அது தனிப் பதவி. இங்கே அதற்கு ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. ‘சூப்பர்வைசர்’ என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதத்தில் ‘வளர்ப்பாளர்’ என்றே எழுதுகிறேன்.

பெயரைப் பற்றிய சச்சரவு அல்ல இது. குடில் கட்ட, அரசு நிர்ணயித்த செலவில் 50 சதவீதம் மானியம் கிடைக்கிறது. இரும்புக் குழாய், 200 மைக்ரான் பாலித்தீன், சொட்டுநீர் எல்லாம் வந்துவிடும். அதற்குள் பத்து மாதம் ஒரு பயிரை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர் வருவதில்லை. நன்றாக நடத்தினால் ஒரு ஏக்கர் குடிலில் 30 முதல் 40 டன் குடைமிளகாய் எடுக்க முடியும். நடத்தத் தெரியாவிட்டால் மூன்றாம் வருடம் பாலித்தீன் கிழிந்து படபடக்கும். உள்ளே சோளத்தட்டை அடுக்கியிருக்கும்.

வளர்ப்பாளரின் வேலை என்ன என்பதற்கு ஒரே ஒரு கணக்கைக் காட்டுகிறேன். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில், அதைக் காரமாக்கும் பைகார்பனேட் உப்பு பெரும்பாலும் அதிகம். பரிசோதனை அறிக்கையில் லிட்டருக்கு 305 மில்லிகிராம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 61-ஆல் வகுத்தால் 5 மில்லி ஈக்குவலென்ட் (எவ்வளவு அமிலம் ஈடாகும் என்று காட்டும் அளவு). அரை மீதி வைத்து 4.5-ஐ அமிலத்தால் முறிக்க வேண்டும். 60 சதவீத நைட்ரிக் அமிலத்தில் லிட்டருக்குச் சுமார் 13 மோல், அதாவது 13,000 மில்லி ஈக்குவலென்ட், இருக்கிறது. ஆக 1,000 லிட்டர் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 345 மி.லி. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

கணக்கு இதோடு முடியவில்லை. அந்த 345 மி.லி. அமிலமே 63 பிபிஎம் (லிட்டருக்கு 63 மில்லிகிராம்) தழைச்சத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. பயிருக்கு 180 பிபிஎம் கொடுப்பதாகத் திட்டமிட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமிலத்திலேயே வந்தாயிற்று. அதைக் கழிக்காமல் உரப்பட்டியலை அப்படியே போட்டால் செடி கொழுகொழுவென்று இலை விடும், பூ நிற்காது, அசுவினியும் இலைப்பேனும் விருந்துக்கு வரும். நைட்ரிக் கிடைக்கவில்லை என்று முழுவதும் பாஸ்பாரிக் அமிலத்தாலேயே முறித்தால் மணிச்சத்து 140 பிபிஎம் வரை ஏறும். பயிருக்குத் தேவை 40, 50தான். மிச்சம் துத்தநாகத்தையும் இரும்பையும் வேருக்கு எட்டாமல் கட்டிப்போடும்.

அமிலமே போடாவிட்டால்? தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 8-இல் நிற்கும். குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். டிரிப்பர் வாயில் சுண்ணாம்பு படியும். மஞ்சளைப் பார்த்து ‘வைரஸ்’ என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் மூவாயிரம் ரூபாய்க்குப் பில் போடுவார்கள். நோயே இல்லாத செடிக்கு மருந்து அடிக்கும் கொடுமை குடில்களில் தினம் நடக்கிறது.

உரக்கரைசலை இரண்டு தொட்டியாகப் பிரிப்பதும் இதே ரகம்தான். ‘ஏ’ தொட்டியில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்புச் செலேட்டும். ‘பி’ தொட்டியில் மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மற்ற நுண்ணூட்டங்கள். செறிவான நிலையில் இரண்டையும் ஒன்றாகக் கரைத்தால் கால்சியம், சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகவும், பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத மாவாகவும் அடியில் உட்கார்ந்துவிடும். போட்ட உரமும் வீண், ஃபில்டரும் அடைப்பு. அடைப்பைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வரிசையின் தலை, நடு, கடைசி என்று பத்து டிரிப்பருக்குக் கீழே டம்ளர் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் என்றால் சுமார் 330 மி.லி. விழ வேண்டும். ஒரு டம்ளரில் 330-ம் இன்னொன்றில் 200-ம் இருந்தால், அந்தக் குடிலில் இரண்டு விதப் பயிர் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

குடைமிளகாயின் நுனி கருத்து அழுகுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுண்ணாம்புச்சத்துக் குறைவு’ என்று புத்தகத்தில் இருக்கும். மண்ணில் சுண்ணாம்பு கொட்டிக் கிடக்கும்போதும் அது வரும். கால்சியம், செடிக்குள் ஓடும் நீரோடுதான் காய்க்குப் போகிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் ஊறவைத்தால், அல்லது கரைசலின் ஈசி (உப்புச் செறிவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) ஏறிவிட்டால், நீரோட்டம் தடைப்பட்டுக் கடைசியில் இருக்கும் காய் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். மருந்து, பாட்டிலில் இல்லை. தண்ணீர் விடும் நேரப் பட்டியலில் இருக்கிறது.

இனி வெப்பம். இதில்தான் நெதர்லாந்துப் பாடம் நமக்கு அப்படியே உதவாது. அங்கே குடில் என்பது குளிரிலிருந்து பயிரைக் காப்பாற்றும் வீடு. இங்கே வெயிலை எப்படி வெளியே தள்ளுவது என்பதே தலைவலி. ஒரு பக்கம் தண்ணீர் வழியும் ஈரத்திண்டும் எதிர்ப்பக்கம் காற்றை இழுக்கும் விசிறியும் வைத்தால் குளிர்ந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், 80 சதவீதத் திறனுள்ள திண்டிலிருந்து சுமார் 27 டிகிரியில் காற்று வரும். கடற்கரை மாவட்டத்தில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும் நாளில் அதே திண்டு 30 டிகிரிக்குக் கீழே கொண்டுவராது. காற்று விசிறியை எட்டுவதற்குள் இன்னும் சூடாகும். ஓசூர் மேட்டில் விளைந்ததைப் பார்த்துவிட்டுக் கடலூரில் கட்டுவது வேறு கதையாக முடியும்.

பூச்சிவலையும் ஒரு பேரம்தான். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலையின் கண் சுமார் 0.4 மி.மீ.; இலைப்பேனின் உடல் அகலம் அதில் பாதி. வலை கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. கண்ணைச் சிறிதாக்கினால் காற்றோட்டம் குறையும், உள்ளே அனல் ஏறும், மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். வலைப் பரப்பைக் கூட்டித்தான் இதைச் சரிக்கட்ட முடியும்; அது கட்டும்போதே யோசிக்க வேண்டியது. நிழல்வலையைப் பாலித்தீனுக்கு உள்ளே கட்டுவதும் பழக்கமாகிவிட்டது. கட்ட எளிது, இழுத்து மூடவும் எளிது. ஆனால் வலை வெயிலை உறிஞ்சிச் சூடாகி அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விடுகிறது. வெளியே கட்டினால் சூடு வெளியிலேயே போகும்.

குடில்கள் கைவிடப்படும் காரணங்களில் முதலிடம் நான் கொடுப்பது, மண்ணிலிருந்து வேருக்குள் புகும் நுண்ணிய வேர்முடிச்சு நூற்புழுவுக்கு. திறந்த வயலில் பயிர் மாறும், கோடையில் நிலம் காயும். குடிலுக்குள் வருடம் முழுக்க ஈரம், ஒரே குடும்பத்துப் பயிர். மேட்டுப்பாத்தி போட 70 சதவீதம் செம்மண், 20 சதவீதம் தொழுஉரம், 10 சதவீதம் உமி என்ற கலவை வழக்கத்தில் இருக்கிறது. அந்தச் செம்மண் எந்த வயலிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தக்காளி போட்டு ஓய்ந்த வயலிலிருந்து வந்திருந்தால், காசு கொடுத்து நூற்புழுவை வாங்கி டிராக்டரில் ஏற்றி வந்தோம் என்று பொருள். முதல் பயிரில் தெரியாது. இரண்டாவதில் பகலில் வாடி மாலையில் நிமிரும் செடிகள் மூலையில் நாலைந்து தென்படும். பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி மணியாக முடிச்சு. மூன்றாவதில் வாடல் நோய்ப் பூஞ்சையும் அந்தக் காயங்கள் வழியே நுழைந்து வேலையை முடித்துவிடும்.

ஏப்ரல், மே வெயில் நமக்கு இலவசம். பயிர் எடுத்ததும் வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, பாத்தியை நன்றாக நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் தெளிவான பாலித்தீனைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்து, 4 முதல் 6 வாரம் விட வேண்டும். கறுப்பு ஷீட் போட்டு ஏமாறுபவர்கள் உண்டு. ஷீட்தான் சூடாகும், மண் அந்த அளவு சூடாகாது. இப்படிச் செய்தாலும் ஆழத்தில் இருக்கும் புழு தப்பிக்கும். எனவே அடுத்து ஒரு டன் தொழுஉரத்துக்கு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் ஒவ்வொன்றிலும் 2 கிலோ கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் மூடி வைத்துப் பாத்தியில் இட வேண்டும். கடைசிப் பெயர் சில பாக்கெட்டுகளில் பேசிலோமைசிஸ் என்ற பழைய பெயரில் இருக்கும், இரண்டும் ஒன்றே.

இவ்வளவையும் கற்றுத்தர நம்மிடம் இடங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரிகள் கோவையிலும் பெரியகுளத்திலும் உள்ளன. திருச்சியில் பெண்களுக்கான கல்லூரி இருக்கிறது. இரண்டு வருடப் பட்டயப் படிப்பும் உண்டு. இந்திய இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் தளியில் கொய்மலர்களுக்கும், ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிகளுக்கும் மகத்துவ மையங்கள் இயங்குகின்றன. பக்கத்திலேயே பெங்களூரு ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். குறை பாடத்திலும் இல்லை, நாளில் இருக்கிறது. நான்கு வருடப் படிப்பில் ‘பாதுகாப்பான சாகுபடி’ என்ற பெயரில் குடில் சாகுபடி ஒரு தாளாக வந்து போகிறது. நாற்று விட்டதிலிருந்து கடைசிக் காய் வரை ஒரு குடைமிளகாய்ப் பயிரைத் தன் பொறுப்பில் நடத்திய மாணவர் எத்தனை பேர்? பயிர் பத்து மாதம். செமஸ்டரோ ஐந்து மாதம். கவாத்து பார்த்தவர் அறுவடை பார்த்திருக்க மாட்டார்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் மூன்று பொருள் வாங்கிக்கொள்ளட்டும்: ஈசி மீட்டர், பிஎச் மீட்டர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல கைபேசியின் விலை வராது. பிஎச் மீட்டரை 4, 7 பஃபர் கரைசலில் வாரம் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. லென்ஸால் இலையின் அடிப்பக்கத்தைத் திங்கட்கிழமை தோறும் ஒரே இருபது செடிகளில் பார்த்து நோட்டில் எழுதிவந்தாலே செஞ்சிலந்தி கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே பிடிபட்டுவிடும்.

ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கும் வேலை குவிந்து கிடக்கிறது. குடிலில் போடும் குடைமிளகாய் வீரிய ரகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளுடையவை. விதையில்லா வெள்ளரியில் டெல்லி பூசா நிறுவனம் சொந்த ரகம் கொடுத்திருக்கிறது. குடைமிளகாயில் 35 டிகிரியிலும் பூ தாங்கும் ரகம் நமக்கு வேண்டும். கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவது இங்கே நன்றாகப் பரவிவிட்டது; நூற்புழு தாங்கும் வேர்ச்செடியில் குடைமிளகாயை ஒட்டுவதற்கு அந்த அளவு கவனம் இல்லை. இன்னொன்று, பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு கப்பலேறி வெளிநாட்டுக் குடில்களில் மண்ணுக்கு மாற்றாகிறது. நூற்புழு மண்ணில் திணறும் நம் விவசாயிக்கு அது எட்டவில்லை. எட்டினாலும் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து அலசாத நார் வந்து சேர்கிறது. அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் இடத்தை விட்டுக்கொடுக்க, அந்த இடத்தில் நார் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, நட்ட முதல் வாரங்களில் செடி தவிக்கிறது. எந்தத் தண்ணீருக்கு எத்தனை அலசல் போதும் என்பது ஒரு முதுநிலை மாணவர் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. இன்னொரு ‘ரக ஒப்பீடு’ ஆய்வேட்டைவிட அது எவ்வளவோ மேல்.

அரசுக்கு என் கோரிக்கைகள் சில. மானியத்தில் முதல் பயிர்க்காலத்துக்கான வளர்ப்பாளர் சம்பளத்தையும் ஒரு பகுதியாகச் சேர்க்கலாம். ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டாலும் போதும். இறுதியாண்டு மாணவர்களைத் தளியிலும் ரெட்டியார்சத்திரத்திலும் ஒரு முழுப் பயிருக்கு, பத்து மாதம், உதவித்தொகையோடு அமர்த்தலாம். வேளாண் திறன் கவுன்சிலில் பசுமைக்குடில் இயக்குபவருக்கான சான்றிதழ்ப் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது; பட்டயம் முடித்தவர்களுக்கு அதைத் தமிழில், குடிலுக்குள்ளேயே வைத்து நடத்தலாம். செலவே இல்லாத ஒன்றும் உண்டு: குடில் மானிய விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள் அல்லவா, அதோடு பைகார்பனேட் அளவு போட்ட தண்ணீர் பரிசோதனை அறிக்கையையும், பாத்திக்கு வரப்போகும் செம்மண்ணின் நூற்புழுப் பரிசோதனை அறிக்கையையும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
பசுமைக்குடில் சாகுபடி ஆலோசகர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்