நாயகன் எப்போதும் சரியானதையா தேர்ந்தெடுக்கிறான்?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த மிகைபுனைவு, அறிவியல் புனைகதைக் கட்டுரையில், நாயகன் கடைசியில் சரியானதைத்தான் தேர்ந்தெடுப்பான் என்று இருந்தது. இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த நாவல்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம். எனக்கு இது ஒப்பவில்லை.

டோல்கீனின் மோதிரக் கதையான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். தீய சக்தி கொண்ட மோதிரத்தை எரிமலையின் நெருப்பில் எறிந்து அழிப்பதுதான் நாயகன் ஃப்ரோடோவின் வேலை. 1955இல் வந்த மூன்றாம் பாகத்தில், எரிமலைக்குள் நெருப்பின் விளிம்பு வரை வந்துவிட்ட ஃப்ரோடோ, மோதிரத்தை நெருப்பில் எறிய மறுத்துத் தன் விரலிலேயே மாட்டிக்கொள்கிறான். அந்த மோதிரத்துக்காகவே அலையும் கோல்லும் என்பவன் பாய்ந்து அந்த விரலைக் கடித்துத் துண்டித்து, மோதிரத்தோடு நெருப்பில் தடுமாறி விழுந்ததால்தான் உலகம் தப்பிக்கிறது. அந்தக் கோல்லுமை முன்பே கொல்லாமல் விட்டானே, ஃப்ரோடோவின் உண்மையான தேர்வு அதுதான். அப்போது அது புத்திசாலித்தனமாகவே தெரியவில்லை!

டாம் காட்வினின் 1954ஆம் ஆண்டு அறிவியல் சிறுகதை ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ வேறு ரகம். அளந்து எரிபொருள் நிரப்பிய விண்கலத்தில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். விமானி அவளை விண்வெளியில் வெளியேற்றாவிட்டால் கூடுதல் எடையால் எரிபொருள் போதாமல் கலம் தரையில் மோதும். அது கொண்டுபோகும் மருந்துக்குக் காத்திருக்கும் ஆறு பேரும் சாவார்கள். சரி, கணக்கு அப்படி. ஆனால் கதவைப் பூட்டாதது யார்? கூடுதல் எரிபொருள் வைக்காதது யார்? பழியை விமானி தலையில் கட்டியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. கட்டுரையாளர் இதற்கு என்ன சொல்கிறார்?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்