தோற்கும் என்று தெரிந்தே நடத்திய வழக்கு

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவளுக்கு வேலை உறுதியாகிவிட்டது. மொட்டைமாடி ஒழுகல் மட்டும் இன்னும் தீரவில்லை. பார்க்கிறேன் என்று முன்பணம் வாங்கிப் போன கொத்தனார் போனை எடுப்பதே இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

போன முறை பேசியபோது அந்த அப்பீலைப் பற்றிச் சொன்னாய் அல்லவா? “தோற்கும் என்று தெரிந்த வழக்கை மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறவன் முட்டாள். தோற்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை, ஒரு கெட்ட தீர்ப்பை எல்லார் தலையிலும் கட்டிவிட்டுப் போவான்” என்றாய். கட்சிக்காரர் வந்துவிட்டார் என்று போனையும் வைத்துவிட்டாய். எப்போதும்போல, குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டம். கல்லூரிப் பேச்சுப் போட்டியிலும் இதைத்தான் செய்தாய், குதிரைவால் அழுதேவிட்டாள்.

நீ அதைச் சொன்ன சமயத்தில் நான் ஆல்பியன் டூர்ஷேயைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காக்காரர், சிப்பாயாக இருந்து நாவலாசிரியர் ஆனவர். அவர் எழுதிய நாவலின் பெயரே ‘ஒரு முட்டாளின் பயணம்’. ஆசிரியர் பெயர் போட வேண்டிய இடத்தில் ‘முட்டாள்களில் ஒருவன்’ என்று மட்டும் போட்டு 1879-ல் வெளியிட்டார். உன் வாயிலிருந்து அதே வசவு வந்ததும் இந்த மனிதரைப் பற்றி உனக்கு எழுதாமல் விடக்கூடாது என்று தோன்றியது. நீ சொன்னதில் பாதி அவருக்கு அப்படியே பொருந்தும். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1838-ல் ஒஹாயோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு விபத்தில் ஒரு கண் பார்வை போனது. 1861-ல் அடிமை முறையை ஒட்டி வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டதும், 23 வயது நிறைவதற்குள், நியூயார்க் காலாட்படை ஒன்றில் சேர்ந்துவிட்டார். முதல் பெரிய சண்டையே புல் ரன். அதில் வடக்குப் படை தோற்றுச் சிதறி ஓடியது. அந்த நெரிசலில் ஒரு பீரங்கி வண்டி அவர் முதுகில் மோதியது. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தார். எழுந்து நடமாட முடிந்ததும் என்ன செய்தார் என்று நினைக்கிறாய்? ஒஹாயோவின் 105-வது படைப்பிரிவில் மறுபடியும் சேர்ந்தார், இந்த முறை லெப்டினன்டாக. பெரிவில்லில் காயம். 1863 தொடக்கத்தில் பிடிபட்டுத் தெற்கத்தியச் சிறைகளில் நாலு மாதம். கைதி மாற்றத்தில் வெளியே வந்த கையோடு எம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு, திரும்பப் போர்முனைக்குப் போய் சிக்கமாகாவில் நின்றார். முதுகு ஒத்துழைக்காததால்தான் அந்த வருடக் கடைசியில் பதவியை விட்டார். அந்த முதுகுவலி சாகும்வரை அவரை விடவில்லை.

போர் முடிந்ததும் 1865-ல் எம்மாவைக் கூட்டிக்கொண்டு வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோவுக்குக் குடிபோனார். தோற்ற நாட்டில், ஜெயித்த படையின் ஆள். அங்கிருந்தவர்கள் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள்! ஆனாலும் 1868-ல் மாநிலத்துக்குப் புது அரசியல் சட்டம் எழுதிய சபையில் அவர் இருந்தார். சொத்து உள்ளவன்தான் பதவிக்கு நிற்கலாம் என்ற விதி அதில் போனது, எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி வந்தது. அதே வருடம் ஜட்ஜாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆறு வருடம் இருந்தார். அடிமையாகப் பிறந்த ஒரு பெண்ணை வீட்டில் சேர்த்து மகளாக வளர்த்துப் படிக்க வைத்தார்கள். 1870-களின் அமெரிக்கத் தெற்கில் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆறு வருடத்தில் நடந்தவைதான் அவரை எழுத்தாளர் ஆக்கின. 1870 பிப்ரவரியில் கிரஹாம் என்ற சின்ன ஊரில் வயட் அவுட்லா என்ற கறுப்பினத் தலைவரை, அந்த ஊர்க் காவலராகவும் இருந்தவரை, கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் ரகசிய அமைப்பின் முகமூடிக் கும்பல் ராத்திரியில் வீட்டிலிருந்து இழுத்துப் போய், கோர்ட்டுக்கு எதிரே இருந்த மரத்தில் தூக்கில் தொங்கவிட்டது. டூர்ஷே ஜட்ஜாக உட்கார்ந்து விசாரணை நடத்தும் கோர்ட் அது. மூன்று மாதம் கழித்து அவருடைய நண்பரும் மாநில செனட்டருமான ஜான் ஸ்டீபன்ஸ். பட்டப்பகல், கோர்ட் கட்டடத்துக்குள்ளேயே. மாடியில் எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேச வேண்டும் என்று கீழே ஓர் அறைக்குக் கூப்பிட்டுப்போய்க் கழுத்தை நெரித்துக் குத்திப் போட்டுவிட்டார்கள். அந்தக் கும்பலில் ஒருவன் 1919-ல் எல்லாவற்றையும் வாக்குமூலமாக எழுதிக்கொடுத்தான். தான் செத்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று நிபந்தனை. 1935-ல்தான் அது வெளியே வந்தது. அறுபத்தைந்து வருடம், வக்கீலம்மா. அதுவரைக்கும் யார் கொன்றது என்று ஊருக்கே தெரிந்தும் ஒருவனுக்கும் தண்டனை இல்லை.

அவுட்லா கொலையில் குற்றச்சாட்டுப் பதிவு வரைக்கும் டூர்ஷே கொண்டுபோனார். அதற்குள் மாநிலச் சட்டசபை எதிர்த்தரப்பின் கைக்குப் போயிருந்தது. எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கோ அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள், பிறகு பொதுமன்னிப்பும் கொடுத்துவிட்டார்கள். உனக்குக் கோபம் வரும், எனக்கு வந்தது.

அப்புறம்தான் நாவல். வடக்கிலிருந்து தெற்கில் போய்க் குடியேறும் ஒரு முன்னாள் கர்னலின் கதை, முக்கால்வாசி அவர் கதையேதான். சுமார் 2,00,000 பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள். கிளானைப் பற்றி எழுதியதெல்லாம் கட்டுக்கதை என்று சிலர் கிளம்பியதும், சாட்சியங்களையும் ஆவணங்களையும் தொகுத்துப் பின்னிணைப்பாக அடுத்த வருடமே சேர்த்துவிட்டார். நாவலுக்கு எக்ஸிபிட் போட்டு நம்பர் குத்திய மனிதர், உனக்குப் பிடிக்காமல் போகுமா?

நாவலாக எப்படி என்று கேட்பாய். நடுநடுவே பக்கம் பக்கமாகப் பிரசங்கம், காதல் பகுதி சப்பென்று இருக்கிறது. ஆனால் கர்னலின் மகள் லில்லி, அப்பாவைக் கொல்ல வழியில் ஆள் காத்திருக்கிறது என்று தெரிந்து ராத்திரியில் தனியாகக் குதிரையேறிப் போகும் இடம் இருக்கிறதே, அந்த அத்தியாயத்தை நான் காபி ஆறிப்போனது தெரியாமல் படித்தேன். மரத்தடியில் முகமூடிக்காரர்கள் கூடி நிற்க, அவள் இருட்டில் குதிரையை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குதிரை ஒரு கனைப்புக் கனைத்தால் கதை முடிந்தது. கற்பனையில் மட்டும் வாழ்ந்தவர் எழுதக்கூடிய பயம் இல்லை அது. ஆறு வருடம் ஒவ்வொரு ராத்திரியும் வாசலில் குளம்படிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் படுத்த வீட்டிலிருந்து வந்தது.

நாவலில் வந்த பணத்தில் நியூயார்க் மாநிலத்தில் மேவில் என்ற ஏரிக்கரை ஊரில் வீடு வாங்கினார். ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். இரண்டே வருடத்தில் அது மூழ்கி, சம்பாதித்ததெல்லாம் போய், மிச்ச காலம் முழுக்கக் கடன். குடும்பத்தை எம்மா எப்படி ஓட்டினார் என்பது தனிக் கதை. கணவரின் கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்ததும் கடிதங்களுக்குப் பதில் போட்டதும் கடன்காரர்களைச் சமாளித்ததும் அந்த அம்மாதான். இப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் வீட்டு அடுப்படியை யாரும் சரியாக எழுதவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

இனிதான் உன் விஷயம்.

1890-ல் லூசியானாவில் ஒரு சட்டம் போட்டார்கள். ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, மற்றவர்களுக்குத் தனிப் பெட்டி. நியூ ஆர்லியன்ஸில் ஒரு குடிமக்கள் குழு இதை எதிர்த்துச் சோதனை வழக்குப் போட முடிவு செய்து, மேவிலில் கடனோடு உட்கார்ந்திருந்த டூர்ஷேயைக் கேட்டது. ஃபீஸ் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்ற இளம் செருப்புத் தொழிலாளி முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் போய் உட்கார்ந்தார். எட்டில் ஏழு பங்கு வெள்ளை ரத்தம், பார்த்தால் அடையாளமே தெரியாது. தான் கறுப்பின வம்சம் என்று தானே சொல்லி, பெட்டி மாற மாட்டேன் என்று மறுத்துக் கைதானார். கைது செய்யும் ஆளைக்கூடக் குழுவே ஏற்பாடு செய்திருந்தது. எவ்வளவு நேர்த்தியாகத் திட்டமிட்டிருக்கிறார்கள் பார்.

வழக்கு வாஷிங்டனில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1893-லேயே டூர்ஷே குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டார்: இப்போதிருக்கும் நீதிபதிகளில் நம் பக்கம் இருப்பது ஒருவர்தான், அவசரப்பட்டால் தோற்போம், தள்ளிப்போடுவோம், அதற்குள் ஜனங்களின் மனதை மாற்றப் பார்ப்போம் என்று. நீ போனில் சொன்னது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நடத்தினார்.

அவர் கொடுத்த எழுத்து வாதத்தை நீ கட்டாயம் படிக்க வேண்டும். வெள்ளைக்காரன் என்று பெயர் எடுத்திருப்பதே ஒரு சொத்து, தொழில் தொடங்கும் இளம் வக்கீலுக்கு அதன் மதிப்பு என்ன என்று யோசியுங்கள், ஒரு ரயில் கண்டக்டர் விசாரணையே இல்லாமல் அந்தச் சொத்தைப் பறிக்கலாமா என்று கேட்கிறார். நாளைக் காலையில் நீங்கள் எல்லோரும் கறுப்புத் தோலோடும் சுருட்டை முடியோடும் எழுந்திருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று நீதிபதிகளைப் பார்த்தே கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது ஆயா வாதம். வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பின ஆயாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். குழந்தையை மடியில் வைத்திருந்தால் அதே பெண் அதே பெட்டியில் உட்காரலாம். மடி காலியாக இருந்தால் குற்றம். அப்படியானால் இந்தச் சட்டம் சுகாதாரத்துக்கும் இல்லை, ஒழுங்குக்கும் இல்லை, யார் எஜமான் என்று காட்டுவதற்கு மட்டும்தான் என்று அதிலேயே பிடித்துவிட்டார்.

1896 மே 18-ல் தீர்ப்பு. ஏழுக்கு ஒன்று. பிரித்து உட்கார வைப்பதில் இழிவு எதுவும் இல்லை, இழிவு என்று கறுப்பின மக்கள் தாங்களாக நினைத்துக்கொண்டால்தான் உண்டு என்று எழுதிவைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுத்து எழுதிய ஒருவர் ஜான் ஹார்லன். அரசியல் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்று அவர் எழுதியது பிரபலம். நீதிதேவதை குருடி என்றால் அவள் மகளான சட்டத்துக்கு நிறக்குருடாவது வேண்டும் என்று டூர்ஷே வாதத்தில் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தப் பொறி எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது நீ சொல்வாய்: பார்த்தாயா, நான் சொன்னேனே, 58 வருடம் அந்தத் தீர்ப்பு நின்றது, பள்ளிக்கூடம், ஓட்டல், ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் பிரித்து வைக்க அதையே முன்தீர்ப்பாகக் காட்டினார்கள் என்று. உண்மைதான். அந்த 58 வருடத்தில் பிறந்து செத்தவர்களை நினைத்தால் என்னாலும் லேசாகப் பேச முடியவில்லை. ஆனால் அவர் வழக்கை விட்டிருந்தால் தெற்கு திருந்தியிருக்குமா? வேறு ஏதோ ஒரு வழக்கு, வாதம் சரியாக எடுத்து வைக்கப்படாமல், அதே கோர்ட்டுக்குப் போய் அதே தீர்ப்பை வாங்கியிருக்கும். ஹார்லனின் மறுப்பு எழுதப்படவே ஒரு வழக்கு வேண்டியிருந்தது. 1950-ல், அந்தத் தீர்ப்பு உடைவதற்கு நாலு வருடம் முன்பு, உச்ச நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஜாக்சன் டூர்ஷேயின் அந்தப் பழைய எழுத்து வாதத்தைத் தேடி எடுத்துப் படித்தார். மேவில் இருக்கும் அதே மாவட்டத்தில் வளர்ந்தவர் ஜாக்சன். இன்று சொல்லப்படும் வாதங்களில் டூர்ஷே அன்றைக்கே எடுத்து வைக்காதது ஒன்றும் இல்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். தோற்ற கட்டு ரெக்கார்டில் இருந்ததால்தானே அவர் கைக்குக் கிடைத்தது?

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார். 1897-ல் டூர்ஷேயைப் பிரான்சில் போர்டோவுக்குத் தூதரக அதிகாரியாக அனுப்பினார்கள். 1905 மே மாதம் அங்கேயே இறந்தார். அந்த வருடம் கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தொடங்கிய நயாகரா இயக்கத்தார், அடிமை ஒழிப்புப் போராளிகளான ஃபிரெடரிக் டக்ளஸ், காரிசன் ஆகியோரோடு சேர்த்து அவருக்கும் அஞ்சலிக் கூட்டம் நடத்தினார்கள். பிளெஸ்ஸிக்கு லூசியானா ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 2022 ஜனவரியில்.

நாவலை எடுத்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது தருகிறேன், எழுத்து வாதத்தைச் சின்னவளிடம் சொல்லிப் பிரிண்ட் எடுத்துத் தபாலில் அனுப்புகிறேன். எனக்கு உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, தொழில்காரியாகப் பதில் சொல். அவர் தள்ளிப்போட்டது சரியா? அந்த மூன்று வருடத்தில் ஜனங்களின் மனம் மாறும் என்று காத்திருந்தார். நடந்தது நேர்மாறு. 1895-ல் டக்ளஸ் போய்விட்டார், தெற்கு இன்னும் இறுகியது. உடனே நடத்தியிருந்தால் இன்னும் ஒரு நீதிபதியாவது கிடைத்திருப்பாரா? உன் அப்பீலுக்கும் இது பொருந்தும், கெடு தேதி எப்போது என்று எழுது.

அன்புடன்,
உன் லைப்ரரி