வீணையை விற்க வேண்டாம்

லைப்சிக்,
நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே, தொடர்ந்து நைட் டூட்டி. நன்றாகத்தான் இருக்கிறேன். நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. புளி தீர்ந்துபோய் வெறும் தக்காளியில் ரசம் வைக்கிறேன். அது ரசம் என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

கீழ்வீட்டுப் பாட்டியைக் கேட்டிருந்தாயே. பியானோ டீச்சராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் போட்டால் வந்து கதவைத் தட்டுவார், மறுநாள் கேக் கொடுத்துவிடுவார். அடுப்படிச் சுவரில், நாம் சாமி படம் மாட்டுகிற மாதிரி, யூரோவுக்கு முன்னால் இங்கே புழங்கிய 100 மார்க் நோட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதிலிருப்பவள் யாரோ மகாராணி என்று நினைத்திருந்தேன். கிளாரா ஷூமனாம், இந்த ஊரில் பிறந்தவள். 1835-ல், 16 வயதில், இங்கே கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் தானே எழுதிய பியானோ கான்செர்ட்டோவை (ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிப்பது) வாசித்திருக்கிறாள். அப்புறம் கல்யாணம், எட்டுப் பிள்ளைகள். புருஷனும் இசை எழுதுகிறவர். அவர் எழுத உட்கார்ந்தால் இவள் பியானோவைத் தொட முடியாது. அவருக்கு மனநிலை கெட்டபின் ஊர் ஊராக வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவள் இவள்தான். ஆனால் பெண்ணாய்ப் பிறந்தவள் இசை எழுத ஆசைப்படக் கூடாது என்று 20 வயதிலேயே டைரியில் எழுதிவைத்துவிட்டாள்.

பாட்டிக்கு, அதே காலத்தில் இசை எழுதிய ஃபேனி மெண்டல்ஸோனை நினைத்தால்தான் இன்னும் ஆற்றாமை. தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது நகை மாதிரிதான் என்று அவளுக்கு 1820-ல் அப்பாவே எழுதினாராம். அவள் எழுதிய ஆறு பாட்டுகள் தம்பி பெயரில் அச்சாயின. அதில் ஒன்றை விக்டோரியா மகாராணி ஆசையாகப் பாடிக் காட்ட, 'அது அக்கா எழுதியது' என்று தம்பி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

நகை என்றதும் எனக்குக் கேக் இறங்கவில்லை. மேலே வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். சின்னியின் கல்யாண நகைக்கு வீணையை விற்கப்போவதாக ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். அம்மா, அது கல்யாணத்துக்கு முன்னால் நீ வாசித்த வீணை. விளக்கு வைத்ததும் சின்னி வாசிப்பாள், நீ அடுப்படியிலிருந்தே "தாளம் தப்புதுடி" என்பாய். இங்கே டூட்டி முடிந்து வந்தால் அந்தச் சத்தம்தான் காதில் கேட்கிறது.

சரி, எனக்கென்று எடுத்துவைத்த வளையலைச் சின்னிக்குப் போட்டுவிடு. எனக்கு இப்போது என்ன அவசரம்? இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், வேறொன்றுமில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் சின்னி வாசிக்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் மாமாவை விட்டுக் கேட்கச் சொல். அப்பாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரைக் கிலோ புளி கொடுத்தனுப்பு.

உன் மகள்,
தேவி