பண்ணைப் பாலத்தில் உதவிய ஐயாவுக்கு நன்றி

கடந்த வெள்ளிக்கிழமை இருட்டும் நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் மருந்தோடு வேலணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பண்ணைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் வெட்டி வெட்டி இழுத்து, பின்பு முற்றாக நின்றுவிட்டது. இருபுறமும் கடல். மூன்று கிழமையாக இதே தொல்லை. பிளக் மாற்றியாயிற்று, காபரேட்டர் கழுவியாயிற்று, பிளக்குக்கு உயர் மின்சாரம் கொடுக்கும் காயிலையும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

நீங்களாகவே வண்டியை நிறுத்தினீர்கள், ஐயா. பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் வைத்து உதைக்கச் சொன்னீர்கள். நீலமாகத் தெறிக்க வேண்டிய பொறி மஞ்சளாக மெலிந்து வந்தது. அதற்காகக் காயிலைக் குற்றம் சொல்லாமல் மல்டிமீட்டரை எடுத்தீர்கள். பற்றரியில் 12.5 வோல்ட் இருந்தது. ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட்டரை அழுத்தியபோது ஏறக்குறைய 2 வோல்ட் காட்டியது. அது வழியில் வீணாகும் வோல்ட்; அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாதாம். இந்தச் சோதனையை எனக்கு எவரும் காட்டித் தந்ததில்லை!

"தம்பி, கோளாறு எர்த் வயரில். உப்புக்காற்று செய்த வேலை," என்றீர்கள். பற்றரியின் மைனஸை வண்டியின் உடலோடு இணைக்கும் அந்த வயர், வண்டிச் சட்டத்தோடு பூட்டப்பட்ட இடம் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. அரத்தாள் கொண்டு சுரண்டி, இறுக்கி, கிரீஸ் பூசினீர்கள். முதல் அழுத்திலேயே எஞ்சின் சீராக இயங்கியது.

காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அம்மா எட்டு மணி மாத்திரையை நேரத்துக்கு எடுத்தார், ஐயா. மனமார்ந்த நன்றி.