வேற்றுக்கோளாரிடம் “பார்த்து” என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிவந்த விண்வெளிச் சிறுகதையைப் பற்றி எழுதுகிறேன். விண்கலத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி, உள்ளே இருக்கும் ஆறு பேருக்கும் சில மணி நேரமே மிச்சம் இருக்கும் நிலையில், முன்பின் அறியாத வேற்றுக்கோளாரின் கலம் ஒன்று அவர்களை நெருங்கி வரும் காட்சியை எழுத்தாளர் மிக நன்றாக எழுதியிருந்தார். ஆனால் அடுத்த பத்தியிலேயே கலத்தின் தலைவி ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை முடுக்குகிறார், உதவ வந்திருப்பதாக எதிர்க்கலத்திலிருந்து தெளிவான தமிழில் பதில் வருகிறது, எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கதையை முடித்துவிட்டு, “அப்புச்சி, அவிங்க எப்படிங்க அத்தனை சீக்கிரம் நம்ம பேச்சைப் புரிஞ்சுக்கிட்டாங்க?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் கதையின் உயிர் என்றும், அதைத் தாண்டிக் குதித்துவிட்டதால் நல்ல கதை ஒன்று பாதியில் நின்றுபோனது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நான் கோவை மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஃபிட்டராகவும் பின்னர் மேஸ்திரியாகவும் வேலை பார்த்தவன். விண்வெளியைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று தாங்கள் நினைக்கலாம். ஆபத்து நேரத்தில், மொழி தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த ஆலைக்குள்தான். 2011ஆம் ஆண்டு வாக்கில், ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஒரு பையன், பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினின் பக்கவாட்டில் குனிந்து, பெல்ட்டில் சுற்றியிருந்த பஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். காப்புத் தகடு கழற்றி வைக்கப்பட்டிருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்திலிருந்து அதைக் கண்ட நான், நம் ஊரில் யாராக இருந்தாலும் எப்படிக் கத்துவார்களோ அப்படியே, “பாத்து! பாத்து!” என்று கத்தினேன். அந்த மூன்று வாரத்தில் அவன் நாற்பது ஐம்பது தமிழ்ச் சொற்களைப் பழகியிருந்தான். பார்ப்பது என்றால் கண்ணால் காண்பது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே நான் சொன்னபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கை பெல்ட்டிலேயே இருந்தது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவனுக்குத் தமிழே தெரியாமல் இருந்திருந்தால், என் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டு, என்னவோ ஏதோ என்று கையை இழுத்திருப்பான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

எந்த அகராதியைப் புரட்டினாலும் “பார்” என்ற சொல்லுக்கு அவன் புரிந்துகொண்ட பொருள்தான் முதலில் இருக்கும். “கையை எடு, ஆபத்து” என்ற பொருள் அதில் எப்படி வந்து சேர்ந்தது என்றால், குழந்தை படியில் தடுமாறும்போதும், பாட்டி வழுக்கும் திண்ணையில் கால் வைக்கும்போதும் அந்தச் சொல்லை நாம் ஆயிரம் முறை சொல்லியும் கேட்டும் வளர்ந்திருக்கிறோம். கதையில் வரும் கருவிக்கு அப்படி ஒரு திண்ணை எங்கே கிடைத்தது? இன்று நம் கைப்பேசியில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதிகூட, இரண்டு மொழிகளிலும் மனிதர்கள் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்துத்தான் பழகியிருக்கிறது. முதன்முதலில் சந்திக்கும் ஒரு வேற்றுக்கோளாரிடமிருந்து நம்மிடம் ஒரு வரிகூட இருக்காது.

இதற்கு நொய்யல் கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பொறித்த ஆட்பெயர்களை அறிஞர்கள் படித்துச் சொல்லிவிட்டார்கள்; அந்த எழுத்தும் மொழியும் வேறு வழிகளில் நமக்குத் தெரிந்திருந்ததால் அது முடிந்தது. அதே மண்ணில், அதே மக்கள் கீறி வைத்த குறியீடுகளும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றின் பொருள் இன்னும் பிடிபடவில்லை. கீறியவர்கள் நம்மைப் போலவே இரண்டு கண்ணும் பத்து விரலும் கொண்டு, இதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த மனிதர்கள்.

ஒரே மொழியைப் பேசுகிறோம் என்று இரு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கும் இடத்திலேயே என்ன நடக்கும் என்பதற்கு விமானத்துறையின் வரலாற்றைப் பார்க்கலாம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் உள்ள விமான நிலையத்தில், பனிமூட்டத்தினூடே, ஒரு விமானத்தின் துணை விமானி “நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்” என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் சொன்னார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் சொல்ல வந்தது. புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்பது கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் எடுத்துக்கொண்ட பொருள். அவர் “ஓகே” என்று தொடங்கி, காத்திருக்கும்படி சொன்ன அதே நொடியில், அதே ஓடுபாதையில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்த மற்றொரு விமானமும் வானொலியில் பேசியதால், இரண்டு குரல்களும் மோதிக் கீச்சென்ற ஓசையாகிவிட்டன. 583 பேர் இறந்தார்கள். நம் நாட்டிலேயே, 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தபோது, ஒரு விமானத்தின் குழுவினருக்குப் போதிய ஆங்கிலம் தெரியாததால் கட்டளை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதை விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பிறகுதான் “டேக்-ஆஃப்” என்ற சொல்லை மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற ஒழுங்கும், கேட்ட கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கும் உலகெங்கும் இறுகின.

வேற்றுக்கோளாரோடு பேசுவதற்குக் கணக்கு ஒரு பொதுமொழியாக இருக்கும் என்று அறிஞர்கள் நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1679 துடிப்புகளைக் கொண்ட ஒரு செய்தி அனுப்பப்பட்டது. 1679 என்பது 23, 73 என்ற இரு பகா எண்களின் பெருக்கற்பலன். அதைக் கண்டுகொள்பவர் துடிப்புகளை 73 வரிசையாக அடுக்கினால் ஒரு படம் தெரியும். அழகான ஏற்பாடுதான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய விண்மீன் கொத்து ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; அங்கே படத்தைப் பார்ப்பவருக்கு அவசரம் எதுவும் இல்லை. கதையில் வரும் கலத்துக்கோ அவசரம் மட்டுமே இருக்கிறது. பகா எண்களைக் கொண்டு “நாங்கள் இங்கே இருக்கிறோம், எங்களுக்கு எண்ணத் தெரியும்” என்று சொல்லிவிடலாம். “இன்னும் அருகே வராதீர்கள், உங்கள் வெப்பம் எங்களைக் கொன்றுவிடும்” என்பதை எந்த எண்ணால் சொல்வது? வேண்டாம், நில், விலகு, உதவு என்ற சொற்கள், எதிரில் இருப்பவருக்கும் வலி, விருப்பம், அச்சம் ஆகியவை நம்மைப் போலவே இருக்கும் என்ற எண்ணத்தின் மீதுதான் நிற்கின்றன.

படம் வரைந்து காட்டலாமே என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. 1972இல் செலுத்தப்பட்ட பயனியர் 10 என்ற அமெரிக்க விண்கலத்தில், வேற்றுக்கோளார் கண்டால் புரிந்துகொள்ளட்டும் என்று படம் வரைந்து பொருத்திய தகட்டில், கலம் செல்லும் பாதையைக் காட்ட ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடிப் பழகாத ஒருவருக்கு அம்புக்குறி எந்தத் திசையையும் காட்டாது என்று கலை வரலாற்று அறிஞர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் அதே ஆண்டில் சுட்டிக்காட்டினார். அந்தத் தகட்டில் இருக்கும் ஆண் உருவம் வணக்கம் சொல்வதாகக் கையை உயர்த்தியிருக்கிறது. நம் கோயிலில் அதே கை அஞ்சாதே என்கிறது. அவிநாசி சாலைச் சந்திப்பில் போக்குவரத்துக் காவலரின் அதே கை நில் என்கிறது.

எதிரில் வருவது செய்திதானா என்று தெரிந்துகொள்வதே பெரும் பாடாக இருக்கலாம். 1967இல் ஜோசலின் பெல் என்ற வானியலாளர் பதிவு செய்த, 1.3 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் வந்த வானொலித் துடிப்பை, அது வேற்றுக்கோளாரின் குரலோ என்று சில நாள் வேடிக்கையாகவேனும் பேசிக்கொண்டார்கள். பின்னர் அது பல்சர் என்ற சுழலும் விண்மீன் என்று தெரிந்தது. அத்தகைய விண்மீன்களை ஆராயும் தொலைநோக்கி ஒன்று உதகைக்கு அருகே முத்தோரையில் இருக்கிறது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கருவியை, அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சமமாகப் பதினோரு பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம்மவர்களே அமைத்தார்கள். 1970 முதல் அது வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்குச் செல்லும் நம் பகுதி மக்களில் பெரும்பாலோர் பூங்காவைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமலே திரும்பிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

மனிதரல்லாத அறிவோடு ஆபத்து நேரத்தில் பேச முடியாமல் தவிப்பது என்றால் என்ன என்று அறிய, நம் எழுத்தாளர்கள் விண்மீன் வரை போக வேண்டியதில்லை. மதுக்கரை வரை போனால் போதும். கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் இருப்புப்பாதை யானைகள் கடக்கும் காட்டின் ஊடே செல்கிறது. ரயிலில் அடிபட்டு யானைகள் இறந்ததைத் தொடர்ந்து, வனத்துறை 2024இல் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நிறுவியது. பாதையோரம் யானை தென்பட்டால், உடனே ரயில்வேக்குத் தகவல் போய், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த எச்சரிக்கை முழுவதும் மனிதனிடமிருந்து மனிதனுக்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். “ரயில் வருகிறது, சற்று நில்” என்று யானையிடம் சொல்ல நமக்கு வழி இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அவற்றோடு ஒரே காட்டையும் ஓடையையும் பங்கிட்டு வாழ்ந்தும் இல்லை. யானைகள் தமக்குள் பேசும் குரலில் ஒரு பகுதி, மனிதக் காதின் எல்லையாகிய 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கிறது என்பதையே 1984இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், ஒரு விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்த பிறகுதான் நாம் அறிந்தோம். எதிர்க்கலத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து உரக்கக் கத்திக்கொண்டே இருந்தும், கதையின் தலைவிக்கு அது பேரமைதியாகவே தோன்றியிருக்கக்கூடும்.

இதையெல்லாம் சொல்வதால், அப்படிப்பட்ட கதையே எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடந்த ஒரு சந்திப்பும் வரலாற்றில் இருக்கிறது. 1975 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அப்போலோ கலமும் சோவியத் நாட்டின் சோயுஸ் கலமும் விண்வெளியில் இணைந்தபோது, அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியிலும் சோவியத் வீரர்கள் ஆங்கிலத்திலும் பேசினார்கள். தன் மொழியில் பேசுபவர் வேகமாகப் பேசிவிடுவார். அயல்மொழியில் பேசுபவர் நிதானமாக, தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசுவார், கேட்பவருக்கோ அது தன் சொந்த மொழியாக இருக்கும். அந்த ஏற்பாட்டைப் பழகுவதற்கு அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் போய்வந்து பயிற்சி எடுத்தார்கள். எங்கள் ஆலையிலும் அந்த விபத்துக்குப் பிறகு நான் ஒரு தகர விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். விசில் கேட்டால், எந்த வேலையில் இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் மெஷினை ஓட்டுவதற்கு முன் இரண்டு முறை செய்து பார்ப்போம். விசிலுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லாததால், நாங்கள் கொடுத்த பொருள் மட்டுமே அதற்கு இருந்தது. விரல் இழந்த அந்தப் பையன் குணமாகித் திரும்பி வந்த பிறகு, புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைப் பழக்கும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஆகையால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்புக் கருவி இல்லாத, முன்கூட்டிப் பழக நேரமும் இல்லாத ஒரு விண்கலத்தில், ஆறு பேர் எப்படித் தடுமாறித் தடுமாறி ஒரு பொதுக் குறியை உண்டாக்குகிறார்கள், அல்லது உண்டாக்க முடியாமல் போகிறார்கள் என்பதை மையமாக வைத்து, பள்ளி மாணவர்களுக்கு ஒரு சிறுகதைப் போட்டியைத் தங்கள் இணைப்பில் நடத்த வேண்டும். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் வேற்றுக்கோளாருக்காக அனுப்பிய, தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் அதில் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. அதைப் போக்க யாரும் இனி அந்தக் கலத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது; ஆனால் இந்தப் பொருளில் தமிழில் சிந்தித்து எழுத நம் பிள்ளைகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

என் பேத்தி இப்போதே தொடங்கிவிட்டாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தங்கள் கதையின் அந்தக் காட்சியை அவள் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கதையில் தலைவி விளக்கை மூன்று முறை அணைத்து ஏற்றுகிறாள்; சற்று நேரம் கழித்து எதிர்க்கலம் நான்கு முறை ஒளிர்கிறது. அந்த நான்காவது ஒளி, எண்ணத் தெரியும் என்று காட்டுவதா, இன்னும் வேண்டும் என்று கேட்பதா, எச்சரிக்கையா என்பதைத் தலைவி முடிவு செய்தாக வேண்டும். கலத்துக்குள் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாக அவள் அந்த இடத்திலேயே நிற்கிறாள். முடித்தவுடன் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
சூலூர், கோவை மாவட்டம்.