ஹியூஸின் தோல்வியும் வில்சனின் கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1916 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, குடியரசுக் கட்சி வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், லாங் பீச் ஓட்டலில் தங்கியிருந்தபோது அங்கேயே இருந்த கலிபோர்னியா ஆளுநர் ஹைரம் ஜான்சனைச் சந்திக்காததால் எழுந்த மனக்கசப்பே தோல்விக்குக் காரணம் என்று முடித்துவிட்டது. அது பாதிக் கதைதான்.

அமெரிக்காவில் மாநிலவாரியாக ஒதுக்கப்படும் தேர்வாளர் வாக்குகளே அதிபரை முடிவு செய்கின்றன. அன்று அவை மொத்தம் 531. வெற்றிக்கு 266 வேண்டும். பதவியில் இருந்த அதிபர், ஜனநாயகக் கட்சியின் வுட்ரோ வில்சனுக்கு 277, ஹியூஸுக்கு 254. கலிபோர்னியாவின் 13 வாக்குகள் இடம் மாறியிருந்தால் ஹியூஸுக்கு 267. அங்கே பதிவான சுமார் பத்து லட்சம் வாக்குகளில் வித்தியாசம் நாலாயிரத்தைக்கூட எட்டவில்லை. அதே நாளில் அங்கே குடியரசுக் கட்சி வேட்பாளராகச் செனட்டுக்கு நின்ற ஜான்சனோ ஏறக்குறைய மூன்று லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆகவே அந்த மனக்கசப்பு பாதித்தது உண்மை. ஆனால் 24 வாக்குகள் கொண்ட ஓஹியோ கிடைத்திருந்தால் ஹியூஸுக்குக் கலிபோர்னியாவே தேவைப்பட்டிருக்காது. ரயில்வே தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையை உறுதிசெய்த ஆடம்சன் சட்டம் அந்த செப்டம்பரில்தான் வந்தது. அதைத் தாக்கியே ஹியூஸ் பிரசாரம் செய்தார். தொழிலாளர் நிறைந்த மாநிலத்தில் அது எடுபடுமா?

கட்டுரை தொடாத விஷயம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அன்றைய முறையில் நவம்பரில் தோற்ற அதிபரும் மார்ச் 4 வரை பதவியில் இருப்பார். ஐரோப்பாவில் போர் நடக்கும்போது நான்கு மாதம் செல்வாக்கிழந்த தலைவர் நாட்டை நடத்துவது ஆபத்து என்று வில்சன் கருதினார். நவம்பர் 5 அன்று வெளியுறவு அமைச்சர் லான்சிங்குக்கு எழுதிய கடிதத்தில் மாற்றுவழி சொன்னார்: தான் தோற்றால் லான்சிங் விலக வேண்டும், அந்த இடத்தில் ஹியூஸை நியமிக்க வேண்டும், பிறகு துணை அதிபர் மார்ஷலும் தானும் ராஜினாமா செய்ய வேண்டும். 1886 வாரிசுச் சட்டப்படி அடுத்த இடம் வெளியுறவு அமைச்சருக்கு என்பதால் ஹியூஸ் உடனே அதிபராகிவிடுவார். செனட் ஒப்புதல் தராவிட்டாலோ மார்ஷல் மறுத்தாலோ திட்டம் கவிழ்ந்துவிடும்.

அவருடைய அச்சம் வீண் அல்ல. 1917 ஜனவரி 31-இல் ஜெர்மனியின் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர் அறிவிப்பு, பிப்ரவரி 3-இல் தூதரக உறவு முறிவு, அமெரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவைக் கூட்டுச் சேர ஜெர்மனி அழைத்த சிம்மர்மன் தந்தி மார்ச் 1-இல் பத்திரிகைகளில் வெளியானது என எல்லாமே அந்த இடைவெளிக்குள் நடந்தவை. பதவியேற்பை ஜனவரி 20-க்குக் கொண்டுவரும் அரசியல் சட்டத்தின் 20-வது திருத்தம் 1933-இல்தான் ஏற்கப்பட்டது. கட்டுரையின் அடுத்த பகுதியில் இதற்கும் இடம் தருமாறு வேண்டுகிறேன்.

- வாசகர், திருச்சி